வினைமுதல் எங்கே?

பெயர், வினை, இடை, உரி எனச் சொல் நால்வகைப்படும் என்று ஒப்புவிக்கத் தெரியாதவர் தமிழ் படித்தோரிடையே அரிது. பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும், காலம் காட்டாது. வினைச்சொல் காலம் காட்டும், வேற்றுமை ஏற்காது. இவ்வளவும் மனனம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்த மாலையே இவற்றை மறந்துவிடுவதும் வழக்கம். இலக்கணம் எதற்கு என்று கேட்டால், பிழையின்றி எழுதுவதற்கு என்று ஆசிரியர்கள் விடை சொல்வார்கள். அது உண்மைதான். ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி எழுதியும் பிறர் எழுதியதைத் திருத்தியும் வரும் எனக்கு, பெயரும் வினையும் என்ற இந்தத் தொடக்கப் பாடத்தின் பயன் ஒற்றுப் பிழையையும் லகர ளகர மயக்கத்தையும் விடப் பெரியது என்றே தோன்றுகிறது. யார், எவருக்கு, என்ன செய்தார் என்பதைச் சொல்வதற்கும் மறைப்பதற்கும் நம் மொழியில் உள்ள பொறி வினைச்சொல்லிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அதை நாள்தோறும் இயக்குகிறோம். ஆனால் அது என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை.

மனனத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கமும் இலக்கண வினாவிடையும் பல தலைமுறைகளுக்கு அத்திவாரமாக இருந்தவை. இக்காலத் தமிழின் அமைப்பை மாணவருக்கும் ஆசிரியருக்கும் விளங்கும்படி சொல்லும் நூல் வேண்டும் என்போருக்கு 1999இல் வெளிவந்த எம். ஏ. நுஃமானின் அடிப்படைத் தமிழ் இலக்கணம் இருக்கிறது. நூல்களுக்குக் குறைவில்லை. அவற்றிற் படித்ததை அன்றைய பத்திரிகையின் முதற்பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கந்தான் இல்லை.

பத்திரிகைத் துறைக்கு வருவோருக்கு முதலிற் சொல்லிக் கொடுப்பது யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளை. மேலைநாட்டுப் பத்திரிகையியல் நமக்குத் தந்த சூத்திரம் என்று இதனைக் கொண்டாடுகிறோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், வினைச்சொல் ஆறு பொருள்களைத் தரும் என்று கூறிவைத்தார்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். செய்தியாளனின் ஆறு கேள்விகளில் ஏன் என்பது தவிர ஏனையவற்றுக்கு இதிலேயே இடமுண்டு. பவணந்தியாருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய தொல்காப்பியரோ எட்டு என்றார். அவர் கூடுதலாகச் சேர்த்த இரண்டு, இன்னாருக்காக என்பதும், இது பயனாக என்பதும். ஒரு செயல் எவருக்காக நடந்தது, அதனால் எவருக்கு என்ன பயன்? நமது செய்திகளில் எளிதிற் காணக் கிடைக்காத இரண்டு விடயங்களும் இவையே.

தமிழ் வினைமுற்று ஒரு முழு வாக்கியம். 'எரித்தனர்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எரி பகுதி, த் சந்தி, த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, அர் பலர்பால் விகுதி. செயல் என்ன, எப்போது நடந்தது, செய்தவர் மனிதர், ஒருவர் அல்லர், பலர் என்ற அத்தனையும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. 'எரிந்தது' என்ற சொல்லிலும் பகுதி அதே எரிதான், காலமும் இறந்தகாலந்தான். ஆனால் மனிதரைக் காணோம். தீ வந்தது, பொருள் எரிந்தது, அவ்வளவுதான். 'எரிந்தது', 'எரித்தது' என்ற இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் ஒற்று மாத்திரம். மெல்லின ந், வல்லின த். நான் பணியைத் தொடங்கிய காலத்தில் எம்மிடம் இருந்த மூத்த ஒப்புநோக்குநர் ஒருவர், தீ விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் பிரதியுடன் ஆசிரியபீடத்துக்கு எழுந்து வந்து, "தம்பி, இது ந் ஆ, த் ஆ?" என்று கேட்பார். அவருக்குப் பட்டம் எதுவும் இருக்கவில்லை. கேள்வியோ சட்டத்தரணியின் கேள்வி.

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு நேர்ந்ததை எழுதும்போது இந்த ஒற்று எத்தனை பெரியது என்பது விளங்கும். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. 'நூலகம் எரிந்தது' என்று எழுதினால் மின்னொழுக்கும் காரணமாக இருக்கலாம். 'நூலகம் எரிக்கப்பட்டது' என்று எழுதினால் எவரோ செய்தார்கள் என்று தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. 'எரித்தனர்' என்று எழுதியவுடன் வாக்கியம் தனக்கு ஓர் எழுவாய் வேண்டும் என்று கையை நீட்டி நிற்கும். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலை ஒட்டிப் பொலிஸார் நிறைந்திருந்த ஒரு நகரத்தில் அது நடந்தது என்பதைச் சொல்லாமல் அந்த எழுவாயை நிரப்ப இயலாது. ஆண்டுதோறும் வரும் நினைவுக் கட்டுரைகளில் இந்த மூன்று வடிவங்களையும் ஒரே பந்தியிற் கலந்து எழுதியிருப்பதைக் காண்கிறேன். எழுதியவர்கள் மூன்றும் ஒன்றே என்று எண்ணியிருக்க வேண்டும்.

செய்யப்பட்ட பொருளையே செய்தது போலக் கூறுவதும் வழக்கில் உண்டு என்று தொல்காப்பியர் அனுமதி வழங்கியிருக்கிறார். உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் உதாரணம் திண்ணை மெழுகுவதைப் பற்றியது. திண்ணை தானே தன்னை மெழுகிக்கொண்டது போன்ற பேச்சு. திண்ணையை யார் மெழுகினார் என்று எவரும் கேட்கப் போவதில்லை, வீட்டில் எவரோ ஒரு பெண் மெழுகியிருப்பாள். (அவளையும் ஏன் மறைக்க வேண்டும் என்று இன்றைய வாசகி கேட்கக்கூடும். நியாயந்தான்.) திண்ணைக்கு வழங்கிய அந்த அனுமதியை நூலகத்துக்கும் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் நீட்டிக்கொண்டது நாம்.

எங்கள் நாட்டில் தமிழ்ச் செய்திகளிற் கணிசமானவை சிங்களத்திலிருந்து பெயர்க்கப்படுபவை. பொலிஸ் ஊடகப் பிரிவின் அறிக்கை சிங்களத்தில் வரும்; உதவி ஆசிரியர் ஒருவர் அதைத் தமிழாக்குவார். சிங்களத்தில் 'மரணவா' என்றால் கொல்லுதல், 'மெரெனவா' என்றால் சாதல். வேர் ஒன்றே, உயிரொலி மாறினால் கொலை சாவாகும். வேண்டுமென்று செய்வதையும் தானாக நேர்வதையும் இப்படி ஒரு சொல்லின் இரு முகங்களாகக் காட்டும் வினைச்சோடிகள் அம்மொழியில் ஏராளம். தமிழில் சா, கொல் என்பன இரு வேறு வேர்கள். இவற்றைத் தவறுதலாக மாற்றி எழுதுவது கடினம். ஆகவே ஒரு செய்தியில் 'உயிரிழந்தார்' என்றோ 'கொல்லப்பட்டார்' என்றோ இருந்தால், அச்சொல்லை எவரோ ஒருவர் மேசையில் அமர்ந்து தெரிவுசெய்திருக்கிறார். துப்பாக்கிச் சூட்டில் 'உயிரிழந்தவர்'களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் நான் அந்த மேசையை நினைத்துக்கொள்கிறேன்.

இதுவரை கூறியவற்றுக்குத் தமிழ் வாசகர்கள் எளிதில் தலையசைப்பார்கள். ஏனெனில் மறைந்து நிற்கும் எழுவாய் மற்றவர். அதே அளவுகோலை நம் பக்கமும் திருப்புவோம். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் தமது ஊர்களை விட்டுப் போனார்கள். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்கு இரண்டு மணி நேர அவகாசமே வழங்கப்பட்டது. மாகாணம் முழுவதிலுமாக 70,000க்கும் மேற்பட்டோர். இவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் 'வெளியேறினர்' என்றும் 'இடம்பெயர்ந்த முஸ்லிம்கள்' என்றும் இன்றும் காண்கிறேன். ஏறு, ஏற்று, பெயர், பெயர்த்து. தன்வினை, பிறவினை என்று ஏழாம் எட்டாம் வகுப்பிற் படித்த அதே சோடிகள். வெளியேறியவர் விருப்பத்தோடு போனவர்; வீடு மாறியவரும் வெளிநாடு போனவரும் வெளியேறியவர்களே. வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியவர்கள் விடுதலைப் புலிகள். வாக்கியம் இலக்கண சுத்தமாக இருக்க வேண்டுமானால் இவ்விரண்டு வினைகளும் இந்த எழுவாயும் அதில் இருந்தாக வேண்டும். நூலகத்துக்கு 'எரித்தனர்' வேண்டும் என்று கேட்பவர் இங்கே 'வெளியேறினர்' போதும் என்று சொல்ல முடியாது.

இனி செயப்பாட்டு வினைக்கு வருவோம். படு என்ற துணைவினையைச் சேர்த்தால் செயப்படுபொருள் எழுவாயாகும். பழைய எழுவாய் மூன்றாம் வேற்றுமை 'ஆல்' உருபை ஏற்றுப் பின்னே தள்ளப்படும். 'கண்ணன் பாடத்தைப் படித்தான்' என்பது 'பாடம் கண்ணனால் படிக்கப்பட்டது' என்றாகும். பாடப் புத்தகத்துப் பயிற்சி இது. எந்தத் தமிழரும் வாழ்க்கையில் இவ்வாறு பேசியதில்லை என்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள். பேச்சுத் தமிழ் செயப்பாட்டு வினையை நாடுவதில்லை. செய்தவர் பெயர் தெரியாதபோதும், சொல்ல விரும்பாதபோதும், யாழ்ப்பாணத்து ஆச்சி 'சுட்டுப்போட்டாங்கள்' என்பாள். எழுவாய் அங்கும் இல்லை. ஆனால் விகுதி இருக்கிறது. பலர், மனிதர், மரியாதைக்கு உரியவர் அல்லர் என்ற மூன்றையும் அந்த 'ஆங்கள்' சொல்லிவிடும். அச்சில் அதுவே 'சுட்டுக்கொல்லப்பட்டார்' என்றாகும்போது விகுதி இறந்தவருடையதாகி விடுகிறது. கொன்றவருக்கு அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்துக்கூட மிச்சமில்லை. 'ஆல்' உருபோடு வருவதும் உண்டு: 'இனந்தெரியாத நபர்களால்'. ஈழத்துப் பத்திரிகைகளில் இதைப் போல அடிக்கடி அச்சேறிய சொற்றொடர் வேறு இருக்குமா என்பது ஐயம். இனந்தெரியாத என்பது எதிர்மறைப் பெயரெச்சம். எவருக்குத் தெரியாத? அந்த நான்காம் வேற்றுமையை எவரும் எழுதியதில்லை. பல வேளைகளில் அது ஊருக்குத் தெரிந்திருந்தது.

1989 செப்டெம்பர் 21, யாழ்ப்பாணம், ராஜினி திராணகம. 2000 ஒக்டோபர் 19, யாழ்ப்பாணம், மயில்வாகனம் நிமலராஜன். 2004 மே 31, மட்டக்களப்பு, ஐயாத்துரை நடேசன். 2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பில் கடத்தப்பட்டு மறுநாள் பிணமாகக் கண்டெடுக்கப்பட்ட தர்மரத்தினம் சிவராம். ஒருவர் பல்கலைக்கழக விரிவுரையாளர், மூவர் பத்திரிகையாளர்கள். நான்கு வாக்கியங்களும் 'கொல்லப்பட்டார்' என்றே முடிகின்றன. நான்கிலும் 'ஆல்' உருபுக்கு முன்னுள்ள இடத்தை எந்த நீதிமன்றத் தீர்ப்பும் இன்னும் நிரப்பவில்லை.

அக்காலத்துச் சக ஊழியர்களைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. 'ஆல்' உருபுக்கு முன் ஒரு பெயரை எழுதுவது உயிரைப் பணயம் வைப்பதாக இருந்த காலம் அது. பிரதேச நிருபர் மறுநாளும் அதே சந்தியால் சைக்கிளில் போக வேண்டியிருந்தது. செயப்பாட்டு வினை அவருக்கு ஒரு தலைக்கவசம். அதோடு, நிறுவப்படாத குற்றத்தை ஒருவர் மீது சுமத்தாதிருப்பது பத்திரிகைத் தருமமுங்கூட; தெரியாததைத் தெரியாது என்று எழுதத்தான் வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. கவசம் பழகிப்போய்த் தொப்பியாகிவிட்டது. அச்சத்துக்கு எந்தக் காரணமும் இல்லாத இடத்திலும் அதை அணிந்துகொண்டு திரிகிறோம். பிரதேச சபைக் கூட்டச் செய்தியைப் பாருங்கள்: தீர்மானிக்கப்பட்டது, ஒத்திவைக்கப்பட்டது, நிதி ஒதுக்கப்பட்டுள்ளது, நடவடிக்கை எடுக்கப்படும். வீதிக்குத் தார் ஊற்றுவதாகச் சொன்னவர் யார்? ஊற்றாமல் விட்டவர் யார்? வாசகர் எவரைப் போய்க் கேட்பது? அலுவலகங்களின் அறிவித்தல்கள் இப்படித்தான் எழுதப்படும், அவற்றுக்கு அது வசதி. அந்த வசதியைப் பத்திரிகையும் ஏன் செய்து கொடுக்க வேண்டும் என்பதே கேள்வி.

இலக்கணம் உயிருக்கு மிக நெருக்கமாக வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. 'காணாமல் போனோர்' என்றே நாம் நெடுங்காலமாக எழுதி வந்தோம். 2013இல் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவும் தமிழில் அப்பெயராலேயே வழங்கியது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அலுவலகத்தையும் செய்தித்தாள்கள் காணாமல் போனோர் அலுவலகம் என்றே குறிப்பிடுகின்றன. இச்சொற்றொடரைப் பகுத்துப் பாருங்கள். போனோர் என்பது வினையாலணையும் பெயர். வினையிற் பிறந்து பெயராகி, செய்தவரையும் காலத்தையும் ஒருங்கே சுமப்பது. இங்கே செய்தவர் யார்? போனவரே. அவராகப் போனார். 'காணாமல்' என்பது எதிர்மறை வினையெச்சம். காணாதவர் யார்? தேடுகின்ற தாய். ஆக இந்தச் சொற்றொடரில் இரண்டு வினைமுதல்கள் இருக்கிறார்கள்: போன மகனும் காணாத தாயும். மூன்றாமவர் ஒருவருக்கு இதில் இடமே இல்லை. மாடு காணாமற் போகும், பேனை காணாமற் போகும், பிள்ளையும் அவ்வாறே போனதாகிவிடும்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரும் மனைவியரும் இச்சொல்லை ஏற்க மறுத்தார்கள். 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதுங்கள் என்று செய்தியாளர்களிடம் வற்புறுத்தினார்கள். அது அரசியற் கோஷம், செய்திக்குப் பொருந்தாது என்று சொன்ன பத்திரிகையாளர்களையும் நான் அறிவேன். என் கருத்து நேர்மாறானது. ஆக்கு என்பது ஆகு என்பதன் பிறவினை. பிறவினை என்றால் இயற்றுபவர் ஒருவர் வெளியே இருந்தாக வேண்டும். படு என்ற துணைவினை அவரை மறைக்கிறது, ஆனால் அவருக்குரிய கதிரையை அகற்றவில்லை. வாக்கியத்தில் ஒரு வெற்றுக் கதிரை தெரிகிறது. 'போனோர்' என்பதில் கதிரையே கிடையாது. கண்முன்னே பஸ்ஸில் ஏற்றப்பட்ட மகனைப் பற்றிப் பேசும் ஒரு தாய்க்கு இவற்றுள் எது துல்லியமான செய்தி என்று இலக்கணம் தெரிந்த எவரும் சொல்லிவிடலாம்.

அச்சொற்றொடருக்கு முன்னே 'வலிந்து' என்ற ஒன்றும் சேர்ந்திருக்கிறது. இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்திய சர்வதேச உடன்படிக்கையின் பெயர் வழியே வந்த சொல் இது. பண்டிதர் சிலர் இதிற் பிழை காண்பார்கள். வலிந்து என்பது தானே முன்வந்து என்று பொருள்படும், வலிந்து உதவினார் என்போம் அல்லவா. செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடிய வேண்டும், அவ்வாறாயின் காணாமல் ஆக்கப்பட்டவரே வலிந்தவர் ஆகிவிடுவார் என்பது அவர்கள் வாதம். விதிப்படி வாதம் சரி. ஆனால் அந்தப் பிழையிலும் ஒரு நன்மை இருக்கிறது. தொடர் முழுவதிலும் மறைந்து நிற்பவருக்கு உரிய சொல் அது ஒன்றுதான். வலிந்தவர் ஆக்கியவரே என்று படிப்பவர் அனைவரும் சரியாக விளங்கிக்கொள்கிறார்கள். நான் அதைத் திருத்துவதில்லை.

இந்தத் தாய்மார் எங்களிடம் பேசும்போது செயப்பாட்டு வினையைக் கையாள்வதே இல்லை. "என்ரை பிள்ளையை என்ரை கண்ணுக்கு முன்னாலை பிடிச்சுக்கொண்டு போனவங்கள்." யாழ்ப்பாணத் தமிழின் அழகான இயல்பு ஒன்று இதில் இருக்கிறது. 'அவர் நேற்று வந்தவர்' என்று நாம் பேசும்போது வினையாலணையும் பெயரே வினைமுற்றாக நின்றுவிடுகிறது. 'போனவங்கள்' வினையா, பெயரா? இரண்டுமே. செயலும் செய்த ஆளும் பிரிக்க முடியாதபடி ஒட்டி நிற்கும் சொல். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து, 'தனது மகன் அழைத்துச் செல்லப்பட்டதாகத் தாயார் தெரிவித்தார்' என்று அச்சுக்குக் கொடுக்கிறோம். தாய் சொன்ன ஆட்கள் வழியிலேயே இறங்கிவிட்டார்கள்.

காலமும் அப்படித்தான். தாயொருவர் "மகனுக்கு இப்ப முப்பத்தெட்டு வயசு" என்று கூறியதை நான் அவ்வாறே எழுதிக் கொடுத்தேன். பக்கம் அமைத்த இளைஞர், 'சம்பவத்தின்போது 22 வயதுடைய' என்று மாற்றிவிட்டார். தகவல் பிழையன்று, செய்தி எழுதும் முறைப்படி அவர் செய்தது சரியே. ஆனால் அந்தத் தாய் நிகழ்காலத்தைத் தெரிந்தே சொன்னார். மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று மறுத்தவரின் மகனை நாம் ஓர் இடைநிலையால் இறந்தகாலத்துக்கு அனுப்புவது சரியன்று என்று கூறி, மீண்டும் பழையபடி போடச் செய்தேன். அப்போராட்டங்களில் அமர்ந்திருந்த தாய்மாருட் பலர் பிள்ளைகளைக் காணாமலே இறந்துவிட்டார்கள்.

பெயர்ச்சொற்களைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். தலைப்புகளில் வினைமுற்று அருகிவிட்டது. கைது, மோதல், சூடு, கொலை, பலி என்று தொழிற்பெயர்களும் அவை போன்ற பெயர்களுமே தலைப்பை நடத்துகின்றன. தொழிற்பெயருக்குக் காலம் இல்லை, விகுதியில் ஆள் இல்லை. இடம் குறைவு என்பதால் தலைப்பெழுதுவோருக்கு அது வசதி. இரண்டே எழுத்தில் முடியும் 'பலி' அவற்றுள் மிக வசதியானது. பஸ் மோதியவரும் பலி, குண்டு வீச்சில் இறந்தவரும் பலி, டெங்குக் காய்ச்சலில் இறந்தவரும் பலி. பலி என்பது தெய்வத்துக்குக் கொடுப்பது. எந்தத் தெய்வத்துக்கு என்று கேட்டு ஒரு வாசகர் முன்பொருமுறை கடிதம் எழுதியிருந்தார். பதில் எழுத எங்களிடம் எதுவும் இருக்கவில்லை.

திணையும் பாலும் பள்ளியிற் படித்ததோடு முடிந்தவை என்று எண்ணுவோர் குற்றச் செய்திப் பக்கத்தை வாசிக்கட்டும். தேங்காய் திருடியதாகப் பிடிபட்டவன் 'திருடினான்'. கோடிக்கணக்கில் மோசடி செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் 'மன்றில் ஆஜரானார்'. வீட்டுப் பணிப்பெண் 'முறையிட்டாள்', வீட்டு எசமானி 'மறுத்தார்'. இருவரும் ஒரே செய்தியில், ஒரே பந்தியில். ஆன், ஆள், ஆர் என்ற விகுதிகளைச் சாதியும் பணமும் பார்த்துப் பங்கிடுகிறோம் என்று எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பழக்கம் என்பார்கள். சந்தேகநபராயினும் அமைச்சராயினும் வளர்ந்த மனிதர் அனைவருக்கும் 'ஆர்' என்று எங்கள் மேசையில் ஒரு விதி வைத்தோம். முதல் மாதம் முணுமுணுப்பு இருந்தது. கள்ளனுக்கு என்ன மரியாதை என்று கேட்டார்கள். கள்ளன் என்று நீதவான் இன்னும் சொல்லவில்லையே என்பதுதான் என் பதில்.

பாடப் புத்தகங்களில் 'செயப்பாட்டு வினையாக மாற்றுக' என்ற பயிற்சி இருக்கிறது. அதற்கு எதிர்த்திசையான பயிற்சியை எவராவது சேர்க்க வேண்டும்: பத்திரிகையிலிருந்து பத்து வாக்கியங்களை வெட்டி ஒட்டி, செய்வினையாக மாற்றச் சொல்லுங்கள். 'ஆல்' இல்லாத வாக்கியத்தில் மாணவர் முட்டுப்பட்டு நிற்பார். நின்றால் போதும், விடை எழுத வேண்டியதில்லை. பயிற்சி நிருபர்களிடம் இதை நான் செய்து பார்த்திருக்கிறேன். பொலிஸ் அறிக்கை ஒன்றைக் கொடுத்து, அதிலுள்ள பன்னிரண்டு வினைமுற்றுகளுக்கும் வினைமுதலைக் கண்டுபிடித்து எழுதும்படி சொன்னேன். பெரும்பாலானோர் ஏழு கண்டுபிடித்து, மீதி ஐந்துக்கும் 'தோன்றா எழுவாய்' என்று இலக்கணப்படி எழுதித் தந்தார்கள். ஒரு பெண் மட்டும் தாளை மேசையில் வைத்துவிட்டு, தொலைபேசியை எடுத்துப் பொலிஸ் நிலையத்தை அழைத்து, "துப்பாக்கிப் பிரயோகம் மேற்கொள்ளப்பட்டது என்று போட்டிருக்கிறீர்கள், மேற்கொண்டது யார் சேர்?" என்று கேட்டார். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு ஒரு பெயர் கிடைத்தது.